உறக்கத்தில் நிற்கும் மூச்சு



குறட்டை விட்டு உறங்குபவரைக் கும்பகருணன் என்று நகையாடுவது நம் இல்லங்களில் வழக்கம். குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் எனக் கருதுவாரும் உளர். ஆயின், உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் மூச்சே இன்றி, பின்னர்த் திணறலோடு மீண்டும் எழுமாயின் அது நகைப்புக்குரியதன்று; நோயாகும். உறங்கும்பொழுது நாவும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுவதே இதன் காரணம். இந்நோயைத் தீர்க்க உடலுக்குள்ளேயே ஒரு கருவியை வைக்கும் முறை தோன்றிய வரலாற்றை இன்று காண்போம்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு, 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில், நின்ற இடத்திலேயே உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவனைப் படைத்தார். படித்தோர் சிரித்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல் என்பாரும் அவருடைய துணைவரும், அச்சிறுவனை ஒத்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதி, அந்நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே வைத்தனர். அந்நோயாளி, சீட்டாட்டத்தில் வெல்லத்தக்க சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே உறங்கிப்போனவர்! எனினும், இரத்தத்தில் தேங்கும் கரியமிலவாயுவே அவ்வுறக்கத்திற்குக் காரணம் என அவர்கள் எண்ணினர்.

உண்மைக் காரணம் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று பிரான்சு நாட்டின் மார்சேய் நகரம். புதுவை முதியோர்க்கு அப்பெயர் புதியதன்று. பிரஞ்சு ஆட்சிக் காலத்தில் அத்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் நம் கடற்கரைக்கு வந்தன. 1965இல் அங்கே காஸ்தோ, தாசினாரி, துய்ரோன் என்னும் மூவர், இத்தகைய நோயாளியின் உறக்கத்தையும் மூச்சையும் கருவிகளால் ஒருங்கே பதிவு செய்தனர். உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதும், ஒவ்வொரு முறையும் மூளை விழித்தெழுவதும் புலனாயின. அதே ஆண்டில் செருமனியில் யூங், கூலோ ஆகிய இருவரும் இதனைக் கண்டனர். இரவில் உடைந்த உறக்கமே பகலில் தூக்கமாய் வந்து கடனை வாங்கியது.

நோய் தெரிந்தது, மருந்து யாது? முதலிற் கையாண்டது தொண்டையைத் துளைத்து மூச்சுக்குழலுக்கு வேறு வழி அமைக்கும் அறுவை. அது பயன் தந்தது. ஆனால் எத்துணைப் பேர் அதற்கு உடன்படுவர்? 1981இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றை இடையறாது செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் முறையை ஐந்து நோயாளிகளிடம் வெற்றியாகக் காட்டினார். இன்றும் அதுவே முதன்மையான மருத்துவம். ஆயினும் இரவுதோறும் முகமூடி அணிந்து உறங்கப் பலரால் இயலவில்லை.

இங்கேதான் உடலுக்குள் வைக்கும் கருவி வருகிறது. இதற்கு முன்னோடி இதயத் துடிப்புக் கருவி. அது 1958இல் சுவீடன் நாட்டில் முதன்முதலாக ஒரு மனிதர் உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்டது. அதுபோன்ற சிறு கருவியொன்றை மார்பின் மேற்புறத்தில், தோலுக்கு அடியில் வைக்கின்றனர். அது மூச்சின் அசைவை உணர்ந்து, நாவை இயக்கும் நரம்புக்கு மெல்லிய மின்துடிப்பை அனுப்புகிறது. நாக்கு முன்னோக்கி நகர, வழி திறக்கிறது. உறங்கப் போகுமுன் நோயாளியே அதனை இயக்கி, காலையில் நிறுத்திவிடுவார்.

2014இல் வெளியான ஆய்வொன்றில் 126 பேர்க்கு இக்கருவி வைக்கப்பட்டது. ஓராண்டின் பின், மணிக்கு 29 முறை என்றிருந்த மூச்சுத்தடையின் நடு அளவு 9 ஆகக் குறைந்தது. மூவரில் ஏறக்குறைய இருவர்க்கு நற்பயன் கிட்டியது. அவ்வாண்டே அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆயினும் இஃது எல்லார்க்கும் ஏற்றதன்று, அறுவை வேண்டும், செலவும் மிகுதி. முகமூடியைத் தாங்க இயலாதாருள் தக்கவரைத் தேர்ந்தே இதனை வைப்பர்.

நம் நகரில் 1823இல் பிரஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததே, 1964இல் திறக்கப்பெற்ற ஜிப்மர். நாளை அங்குப் பயிலக்கூடிய மாணவர்க்கு இவ்வரலாறு ஒன்றைக் கற்பிக்கிறது: நோயைத் தீர்க்கும் முறை மட்டும் போதாது, நோயாளி தாங்கும் முறையாகவும் அஃது இருத்தல் வேண்டும். 'ஏன் மருந்தை ஏற்கவில்லை?' என்று நோயாளியைக் கடிந்தவரால் அன்று, அவர் துன்பத்தைக் கேட்டறிந்தவராலேயே அடுத்த வழி பிறந்தது.

மருத்துவம் பயிலாத உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. உறங்குபவர் தம் மூச்சு நிற்பதைத் தாம் அறியார். அருகில் இருப்பவரே சாட்சி. கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் ஏறும். வண்டி ஓட்டுகையில் கண் அயரும். ஆகவே, தந்தையோ பாட்டனாரோ குறட்டையிடை மூச்சு நின்று திணறக் கண்டால் சிரிக்காதீர். மறுநாளே அவர்க்கு எடுத்துக்கூறி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.