மதுரையில் பிறந்த டி மார்கனும் எங்க சிடி ஸ்கேன் லிஸ்ட்டும்

கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, நடுவில் நான் பண்ணின ஒரு தப்பு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரி. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்க யாரையெல்லாம் அனுப்பலாம்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் லிஸ்ட் எடுத்துக் கொடுக்கும். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: "கிட்னி பிரச்சினையோ அலர்ஜியோ இல்லாதவங்க மட்டும்."

கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்ட தம்பி அதைக் கேட்டபடியே எழுதினார்: "நாட் கிட்னி ஆர் நாட் அலர்ஜி". ரெண்டு பிரச்சினையும் உள்ள ஒரு பேஷண்டை வெச்சு சோதிச்சேன். தடுத்துச்சு. ஓகே சொல்லிட்டேன்.

மறுநாள் ஒரு அம்மா ஸ்கேன் அறை வரைக்கும் போயிட்டாங்க. கிட்னி நல்லா இருக்கு, ஆனா அலர்ஜி உண்டு. டெக்னீஷியன் வழக்கம்போல வாய்விட்டு, "முன்னாடி இந்த ஊசி போட்டு ஏதாவது ஆச்சாம்மா?"னு கேட்டதால தப்பிச்சோம்.

என்ன ஆச்சு? "ஆர்" போட்டா ரெண்டில் ஒண்ணு உண்மையா இருந்தாலே போதும். அந்த அம்மாவுக்குக் கிட்னி பிரச்சினை இல்லை, உடனே பாஸ். ரெண்டும் இருக்கிறவங்களை மட்டும்தான் அந்த வரி தடுக்கும். நான் சோதிச்சதும் அப்படி ஒருத்தரைத்தான்!

தமிழ்ல "காய்ச்சலோ இருமலோ இல்லை"ன்னாலும் "காய்ச்சலும் இருமலும் இல்லை"ன்னாலும் ரெண்டுமே இல்லைன்னுதான் நமக்குக் காதில் விழும். மெஷினுக்கு அந்தக் காது கிடையாது.

இந்த இடத்துல வர்றவர்தான் அகஸ்டஸ் டி மார்கன். பிறந்தது நம்ம மதுரையில், 1806 ஜூன் 27. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. அடுத்த 2 வாரத்துக்குள் வேலூர்ப் புரட்சி. ஏழு மாசக் குழந்தையோட குடும்பம் இங்கிலாந்து போயிடுச்சு. அதனால "நம்ம ஊர்க்காரர்"னு ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். பிறந்த கொஞ்ச காலத்திலேயே வலது கண் பார்வை போயிருந்தது.

கேம்பிரிட்ஜில் படிச்சார். மேல்பட்டம் வாங்க மத உறுதிமொழியில் கையெழுத்துப் போடணும்னாங்க, மாட்டேன்னுட்டார். 1828-ல், 22 வயசுக்குள்ள, லண்டனில் புதுசா தொடங்கின பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வயசு கேட்டா விடுகதை போடுவாராம்: "என் வயசின் வர்க்கம் எந்த வருஷமோ, அந்த வருஷம் எனக்கு அந்த வயசு." 43 பெருக்கல் 43, 1849. சரியா வருது பாருங்க.

1847-ல் தர்க்கம் பற்றி அவர் புத்தகம் வந்தது. அதே வருஷம் ஜார்ஜ் பூல் புத்தகமும். "அண்ட்", "ஆர்", "நாட்" மூணையும் பூலியன்னு சொல்றோமே, அந்தப் பூல்தான். நியாயமா சொன்னா, டி மார்கன் பேரில் இருக்கிற விதியை 14-ம் நூற்றாண்டிலேயே ஆக்கம் ஊர் வில்லியம் வார்த்தைகளில் சொல்லியிருக்கார். டி மார்கன் அதைக் கணக்கா ஆக்கினார். 1937-ல் கிளாட் ஷானன் தன் ஆய்வேட்டில் பூலின் கணக்கை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்தினார். அப்புறம் அது கம்ப்யூட்டருக்குள்ளேயே போயிடுச்சு.

விதி இதுதான்: அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிற "நாட்" உள்ளே போனா, ஒவ்வொண்ணோடவும் ஒட்டிக்கும். கூடவே "ஆர்" "அண்ட்" ஆகும், "அண்ட்" "ஆர்" ஆகும். "நாட் (கிட்னி ஆர் அலர்ஜி)" என்பதும் "நாட் கிட்னி அண்ட் நாட் அலர்ஜி" என்பதும் ஒண்ணு. நாங்க "நாட்"டை உள்ளே கொண்டுபோனோம், "ஆர்"ரை மாத்த மறந்துட்டோம்.

அன்னிக்கு சாயங்காலமே திருத்தினோம். நான் அடைப்புக்குறி வடிவத்தைத்தான் கேட்டு வாங்கினேன், பேஷண்டைத் தடுக்கிற காரணங்கள் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். இந்த முறை நாலு போலி பேஷண்ட்: ரெண்டும் இல்லாதவர், கிட்னி மட்டும், அலர்ஜி மட்டும், ரெண்டும் உள்ளவர். முதல் ஆள் மட்டும் லிஸ்ட்டில் வந்தார். டெக்னீஷியன் இன்னும் வாய்விட்டுக் கேட்கிறார், அதை நிறுத்தச் சொல்லலை.