சிப்பாய் ஓட்டுக் கேட்ட கதை



நம் கல்லூரியில் வரலாறு படித்து, பட்டாளத்தில் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாலக்கோடு பக்கம் விவசாயம். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன், டீக்கடையில் ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, நாட்டுக்காக எல்லையில நின்னவரு நீங்க. எம்.பி.க்கு நின்னா ஜனம் ஓட்டுப் போடாதா?"

வீட்டில் சொன்னேன். "டெபாசிட்டு எவ்வளவு?" என்றாள் மனைவி. "இருபத்தஞ்சாயிரம்." அதற்குமேல் அவள் பேசவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ராணுவத்தானுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தேன்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்தவர்கள் ராணுவ அதிகாரிகள்தாம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர்; அவருக்கு உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகச் சென்று நிலம் அளந்தார், குடியானவரோடு பேசினார். ரயத்துவாரி முறை உருவானதில் இந்த அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் சென்னை ஆளுநருமானார். நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் "நீ வேண்டுமா, வேண்டாமா?" என்று நம் முப்பாட்டன்மாரை யாரும் கேட்கவில்லை.

குடியரசு வந்தபின் கணக்கு தலைகீழானது. பணியில் இருக்கும் சிப்பாய்க்கு ஓட்டு உண்டு. தேர்தலில் நிற்க முடியாது. அரசின் ஊதியப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராகக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 102-வது பிரிவு. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஜனங்களிடம் போகவேண்டும்.

அப்படிப் போனவர்களில் மிகப் பெரியவர் ஜெனரல் கரியப்பா. நமக்கு அதிகத் தொலைவில்லாத குடகுக்காரர். 1949 ஜனவரி 15-ல் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். அந்த நாளைத்தான் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1965 போரில் விமானியான அவர் மகன் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். ஒரு காலத்தில் கரியப்பாவின் கீழ் பணியாற்றிய அயூப்கான் மகனை விடுவிக்க முன்வந்தபோது, மற்றக் கைதிகளுக்கு இல்லாத சலுகை தன் மகனுக்கு வேண்டாம் என்று மறுத்தார் என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் 1971 மார்ச் தேர்தலில் பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் நின்றார். தோற்றார். அது 'வறுமையே வெளியேறு' அலை. காங்கிரஸ் 352 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வங்கதேசப் போர் வென்று நாடே ராணுவத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1986-ல் கரியப்பாவுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டமும் வந்தது. சல்யூட் வேறு, ஓட்டு வேறு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஜெயித்தவர்களும் உண்டு. செங்கோட்டை விசாரணையில் நின்ற ஐ.என்.ஏ.வின் ஷா நவாஸ் கான் 1952-ல் மீரட் பகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். ராணுவப் பொறியாளரான மேஜர் ஜெனரல் கந்தூரி 1991-ல் கர்வால் தொகுதியில் வென்றார், 1996-ல் தோற்றார். வீட்டில் உட்காரவில்லை, 1998-ல் மறுபடி கேட்டு வாங்கினார். பிறகு வாஜ்பாய் அரசில் சாலைத் துறை அமைச்சர். தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகிறோமே, அந்த நெடுஞ்சாலையும் அக்காலத்தில் முடுக்கிவிடப்பட்ட நாற்கரச் சாலைத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

பட்டாளத்தில் 'முன்னே நட' என்றால் நடப்பார்கள். தேர்தலில், "ஏன் நடக்கணும்? போன தடவ எங்க இருந்தீங்க?" என்பார்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிந்தவன்தான் நிற்கலாம். என்னிடம் அப்போது பதில் இல்லை. ஊரைவிட்டு இருபத்தெட்டு வருஷம் வெளியே இருந்தவன். எங்கள் ஏரியின் மதகு எத்தனை நாளாகப் பழுது என்பதுகூடத் தெரியாது.

அதனால் நான் நிற்கவில்லை. இப்போது கிராம சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். முதல் தடவை பேச எழுந்தபோது ஒரு பெரியவர், "உக்காருப்பா, மொதல்ல கேளு" என்றார். உட்கார்ந்தேன். சுபேதாருக்கு உத்தரவு போட ஊரில் ஆள் இருப்பது நல்லதுதான்.

பட்டாளத்துக்குப் போகும் தம்பி தங்கைகளே, திரும்பி வந்து நீங்கள் நின்றால் என் ஓட்டு உங்களுக்கு உண்டு. ஆனால் மதகைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பேன்!