பரங்கிமலைக்குப் போகும் வழி

அண்ணா சாலையை எங்கள் தலைமுறையினர் இன்னும் 'மவுண்ட் ரோடு' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். எந்த மவுண்ட் என்று வகுப்பில் கேட்டால் மாணவர் பலரும் விழிக்கின்றனர். நாள்தோறும் மின்தொடரியில் பரங்கிமலை நிலையத்தைக் கடந்து தாம்பரத்திற்கு வருவோரும் அவர்களுள் உண்டு என்பதுதான் வியப்பு. கோட்டையிலிருந்து மலைக்குச் சென்ற சாலையாதலின் அப்பெயர் அமைந்தது. ஆங்கிலேயரின் அச்சாலைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அம்மலைக்கு வேறொரு வழி இருந்தது. சாந்தோம் கடற்கரையில் தொடங்கி, அடையாற்றைக் கடந்து, சின்னமலையைத் தொட்டுப் பரங்கிமலையில் முடியும் நடைவழி அது. போர்த்துகேசியர் அதனைச் செப்பனிட்டனர்; ஆனால் அவர்கள்தாம் அதில் முதலில் நடந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூரைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துகேசியர், நகரம் பாழடைந்து கிடந்ததையும், புனித தோமையாரின் கல்லறையில் ஏழை இசுலாமியர் ஒருவர் இரந்து பெற்ற பொருளால் விளக்கெரித்து வந்ததையும் குறித்திருக்கிறார். கிறித்தவத் திருத்தூதரின் கல்லறைக்கு இசுலாமியர் விளக்கு. அதைச் சூழ்ந்து கபாலீசுரத்தின் ஊர். இக்காட்சியை நம் கவிஞர் எவரும் இதுவரை பாடாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. பர்போசாவுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே, 1520களில், போர்த்துகேசியர் இங்குக் குடியேறினர். கல்லறைமேல் ஆலயம் எழுந்தது. அதைச் சுற்றி வீடுகளும் மடங்களும் மதிலும் எழுந்தன. 1606இல் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. நகரின் பெயர் 'சாந்தோம் தே மெலியாபூர்'. 1572இல் வெளிவந்த தம் காப்பியத்தில் கமோயிஷ் இவ்வூரைப் பாடியிருப்பதால், போர்த்துகல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் மயிலாப்பூர் அறிமுகமான பெயராகும்.

இக்குடியேற்றத்தால் பழைய மயிலை இழந்ததும் உண்டு. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுரம் இன்றில்லை. இன்று நாம் வழிபடும் கோயில் உள்வாங்கிப் பின்னாளில் எழுப்பப்பட்டது. சாந்தோம் பகுதியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அவ்விழப்பின் சான்றுகளாக நிற்கின்றன. இதனை மறைத்து எழுதுவதும் சினந்து எழுதுவதும் எளிது. நான் இவ்விரண்டையும் செய்ய விரும்பவில்லை. கற்களைக் கற்களாகப் படிப்பதே என் நோக்கம்.

இனி வழிக்கு வருவோம். தோமையார் கடலோரத்தில் போதித்தார். சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார். பெரிய மலையில் கொல்லப்பட்டார். உடல் கடலோரத்திற்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மரபு சொல்லும் செய்தி இவ்வளவே. முதல் நூற்றாண்டில் அவர் இங்கு வந்தாரா என்னும் வழக்கு இங்கு தீர்க்கப்படக் கூடியதன்று. ஆனால் இம்மரபே மூன்று இடங்களையும் ஒரே கோட்டில் கோத்தது என்பதில் ஐயமில்லை. மூன்றையும் காண விரும்பிய அடியவன் நடந்தாக வேண்டியிருந்தது. பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு; நடுவே ஓர் ஆறு.

சாந்தோமை விட்டு மேற்கே நடந்தால் முதலில் வருவது லஸ் மாதா கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகிறது. கடலில் திசை தவறிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியதாகவும், ஒளி மறைந்த இடத்தில் கோயில் எழுந்ததாகவும் கதை. போர்த்துகேசிய மொழியில் 'லஸ்' என்றால் ஒளி. ஊர் மக்களோ அதனைக் காட்டுக்கோயில் என்றனர். இன்று லஸ் முனையின் நெரிசலில் நிற்பவருக்கு அப்பெயர் நகைப்பைத் தரும். ஆயினும் இங்கே காடு இருந்தது என்பதற்கு அப்பெயரைத் தவிர வேறு சாட்சி ஏது?

அடையாற்றைக் கடப்பதே வழியின் இடர்ப்பாடு. மழைக்காலத்தில் அடியவர் கரையிலேயே தங்கிவிட நேரும். அவ்விடர் தீர 1726இல் கல்பாலம் ஒன்றைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பரங்கிமலையின் படிக்கட்டும் அவர் திருப்பணியே. போர்த்துகேசியரின் அடியவர் வழிக்கு ஆர்மீனியரின் பணம். அப்போது ஆட்சி ஆங்கிலேயருக்குக் கைமாறிக்கொண்டிருந்த காலம். உஸ்கான் 1751இல் சென்னையில் காலமானார். அவர் உடல் வேப்பேரியில் உறங்குகிறது. இதயம் மட்டும் பாரசீகத்து ஜூல்பாவுக்கு, அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பர்.

அப்பாலத்தை ஆங்கிலேயர் 'மார்மலாங்' என்று அழைத்தனர். மாம்பலம் என்பதன் திரிபு அது என்பது பொதுவான கருத்து. 1960களில் பழைய பாலம் போய்ப் புதிய பாலம் வந்தது. பழையதன் கல்வெட்டு மட்டும் நம் காலம்வரை எஞ்சியது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என மூன்று மொழிகள் அதில் உள்ளன, தமிழ் இல்லை. நாள்தோறும் அப்பாலத்தைக் கடந்தவருள் மிகப் பெரும்பாலோர் பேசிய மொழி அதுவாகத்தானே இருந்திருக்கும்?

புதிய பாலத்திற்கு இடப்பட்ட பெயர் மறைமலையடிகள் பாலம். வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவர் அடிகள். நம் தாம்பரத்திற்கு 1937இல் இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி, நகரின் நடுவே இருந்த நாளில் அதில் தமிழ் கற்பித்தவர்; 1911இல் பல்லாவரத்தில் குடியேறி அங்கிருந்தே தனித்தமிழ் இயக்கத்தை வளர்த்தவர். மும்மொழிக் கல்வெட்டில் இடம்பெறாத தமிழ், அதே இடத்தில் ஒரு தமிழாசிரியரின் பெயராக வந்து அமர்ந்தது. பெயர் சூட்டியோர் இவ்வியைபை எண்ணினரோ, இல்லையோ!

பாலம் கடந்ததும் சின்னமலை. போர்த்துகேசியர் 1551இல் எழுப்பிய ஆலயமும் தோமையார் குகையும் அங்குள்ளன. இன்று அப்பெயரை மெட்ரோ நிலையம் ஒன்று தாங்கியிருப்பது ஓர் ஆறுதல். அங்கிருந்து மேற்கே பரங்கிமலை. ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள சிறு குன்றுதான். ஆயினும் சமவெளியில் தனித்து நிற்பதால் கடலிலிருந்து வருவோர்க்கு நெடுந்தொலைவிலேயே தெரிந்தது. 1547இல் உச்சியில் ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிய எழுத்து பகலவி, அதாவது பழைய பாரசீகத்தின் ஒரு வடிவம். போர்த்துகேசியர் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகக் கிறித்தவர் இம்மலையில் வழிபட்டனர் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுவதில்லை.

மலையின் பெயரைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. பரங்கியர், அதாவது ஐரோப்பியர், குடியிருந்ததால் பரங்கிமலை என்பது ஒன்று. பிருங்கி முனிவர் தவம் இயற்றியதால் பிருங்கிமலை என்பது மற்றொன்று. ஆதம்பாக்கம் நந்தீசுவரர் கோயிலின் தலபுராணம் பின்னதைச் சார்ந்தது. மொழியியல் நோக்கில் முன்னதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பரங்கிப்பேட்டையும் பரங்கிக்காயும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆயினும் பிருங்கியை நான் தள்ளிவிட மாட்டேன். அயலார் பெயர் ஒட்டிக்கொண்ட மலையைத் தமதாகவே வைத்துக்கொள்ள ஊரார் சொன்ன கதை அது.

நம் வட்டத்து நண்பர் அறுவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத விடியலில் சாந்தோமிலிருந்து புறப்பட்டு இவ்வழியை நடந்தோம். பாதி வழியில் நடைபாதையே இல்லை. சைதாப்பேட்டையில் சாலையைக் கடக்க மட்டும் நெடுநேரம் காத்திருந்தோம். ஒரு காலத்தில் ஆறு தடுத்த இடத்தில் இன்று ஊர்திகள் தடுக்கின்றன! மலைப்படி ஏறும்போதுதான் நடக்கிறோம் என்னும் உணர்வே வந்தது. எங்களோடு ஏறிய மூதாட்டி ஒருவர் ஒவ்வொரு படியிலும் மெழுகுவத்தியால் தொட்டுக்கொண்டே வந்தார். உஸ்கானை அவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கில்லை.

உச்சியிலிருந்து கிழக்கே கடல் தெரிந்தது. தென்மேற்கே காலடியில் விமான ஓடுபாதை. அதற்கப்பால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். 1802இல் லாம்டன் இந்தியப் பெருநில அளவைக்கான அடிக்கோட்டை இம்மலையருகே தொடங்கிப் பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் அளந்தார். பல்லாவரத்தில் 1863இல் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவி, இந்நாட்டின் பழைய கற்கால ஆய்வையே தொடங்கிவைத்தது. அங்கே மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த குடைவரை இன்று இசுலாமியரின் வழிபாட்டிடம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் இப்பக்கத்துக் கல்லே. அக்கல்வகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார் ஹாலந்து என்னும் நிலவியலார். மலை நம்முடையது, பெயர் மட்டும் கல்லறையில் உறங்குபவருடையது.

அக்குன்றுகளில் பாதியைக் கல்லுடைப்போர் கொண்டுபோயினர். குழிகளில் பச்சை நீர் தேங்கி நிற்கிறது. நண்பர் ஒருவர் ஒவ்வொரு குன்றின் பெயரையும் கேட்டார். மூன்றுக்குச் சொன்னேன். நான்காவதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டோம். அவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு பேரு இருந்துச்சும்மா, எங்கப்பா சொல்லுவாரு" என்றார்.