முகவரியையே பெயராக வைத்த கதை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மென்பொருள் வேலை. "நாங்க எழுதுறது கொஞ்சம்தான் சார். அடுத்தவங்க எழுதினதை எடுத்துச் சேர்க்கிறதுதான் அதிகம்" என்றார். அன்று அவர் சொன்ன கதையை, நானும் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் கணினிப் பிள்ளைகள் திருத்துங்கள்.

2009 நவம்பரில் கூகுள் 'கோ' என்ற நிரல்மொழியை வெளியிட்டது. உருவாக்கிய மூவரில் ஒருவர் யூனிக்ஸ் தந்த கென் தாம்ப்சன். பல மொழிகளில், பிறர் எழுதிய நிரல்களைப் பதிவு செய்து வைக்கப் பொதுக் களஞ்சியம் இருக்கும். கோ மொழிக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. எழுதியவர் கிட்ஹப் போன்ற தளத்தில் வைத்திருக்கும் கிடங்கின் முகவரிதான் நிரலின் பெயரும். 'கோ கெட்' என்று கட்டளையிட்டால் நேரே அங்கே போய் எடுத்து வந்துவிடும்.

எளிமைதான். ஆனால் எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்ல வழியில்லை. இத்தனைக்கும் அந்தக் கிடங்கில் ஒவ்வொரு மாற்றமும் தனி அடையாளத்தோடு பதிவாகியிருக்கும்! அதைக் கேட்காமல், இன்று மேலாக இருப்பதையே எடுத்து வரும். திங்கட்கிழமை ஓடிய நிரல் வெள்ளிக்கிழமை ஓடாது. பழைய பாடநூலும் புதிய பாடநூலும் கலந்த வகுப்பில் "42-ஆம் பக்கம் எடு" என்று சொல்லித் தவித்த ஆசிரியர்களுக்கு இது புரியும். பயந்தவர்கள் பிறர் நிரலை 'வென்டர்' என்ற அடைவில் நகலெடுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

2018 பிப்ரவரியில் ஒரு சம்பவம். 'கோ-பின்டேட்டா' என்ற நிரலை எழுதியவர் தம் கிட்ஹப் கணக்கையே நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்தவை நின்றன. காலியான அந்தப் பெயரை வேறொருவர் பதிவு செய்து, அதே நிரலை மறுபடி வைத்தார். நின்றவை ஓடட்டும் என்ற நல்லெண்ணம்தான். கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் சிக்கியிருந்தால்? முகவரி அதேதான், கோ கெட் கேள்வி கேட்காது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 1.11 பதிப்போடு 'மாட்யூல்' முறை வந்தது. எந்தப் பதிப்பு என்பது ஒரு கோப்பில், அதன் கைரேகை போன்ற எண் இன்னொன்றில். ஓர் எழுத்து மாறினாலும் பிடிபடும். 2019-இல் கூகுளின் சேவையகம் நகல்களைச் சேமித்து வழங்கத் தொடங்கியது. நடுவில் ஒரே நிறுவனம் வந்து உட்கார்ந்தது எனக்கு முழுச் சம்மதமில்லை.

"இப்ப அந்த வென்டர் அடைவை அழிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பயமா இருக்கு" என்றார்.