மூன்று நாடுகளின் தலைவர்

பினாங்கில் ஒரு காலத்தில் கிரிக்கெட் என்றால் எஸ்பிளனேட் திடல்தான். சூலியா தெருவில் இருக்கும் என் பழைய புத்தகக் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளைக்காரர்கள் கிளப் வைத்து ஆடிய ஆட்டத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க ஆபீசுகளுக்கும் கிராணிகளாக வந்தவர்கள் மலாயா முழுக்கத் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் கடையில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசினால், பேச்சு கடைசியில் ‘சதா’விடம்தான் வந்து நிற்கும்.

மகாதேவன் சதாசிவம், 1915-இல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரி மாணவர், தமிழ் யூனியன் கிளப் ஆட்டக்காரர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கியவர். அவர் பெயர் போனது ‘லேட் கட்’டுக்கு. பந்து தன்னைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, விக்கெட் கீப்பர் கையை நீட்டும் நேரத்தில் மட்டையை மேலிருந்து இறக்கி, ஸ்லிப்பின் பக்கவாட்டில் தட்டிவிடும் அடி அது. கண்ணும் மணிக்கட்டும் துளி பிசகினாலும் ஆட்டம் போய்விடும்.

1947-இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் எடுத்தார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்து போகும் வழியில் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் ஒருநாள் ஆடியபோது இலங்கைக்கு அவர்தான் கேப்டன். அன்று பந்து விழுந்த விதமே பிராட்மேனுக்குச் சரியாகப் படவில்லை. பிட்சை அளந்து பார்த்தால், 22 கஜம் இருக்க வேண்டியது 20 கஜம்தான் இருந்தது.

1951 அக்டோபரில் அவருடைய மனைவி கொலையுண்டார். பழி கணவர் மேல் விழுந்தது. எடின்பரோவிலிருந்து தடயவியல் நிபுணர் சிட்னி ஸ்மித் வந்து அவர் தரப்பில் சாட்சி சொன்னார். 1953-இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. அந்தப் பெண்ணை நினைக்காமல் சதாவின் கதையைச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறகுதான் அவருடைய சிங்கப்பூர், மலாயா காலம். தமிழ் வணிகர்களால் பெயர் பெற்ற எங்கள் தெருவுக்கு, வங்கக் கடலைத் தாண்டி வரும் இந்த வழி புதிதல்ல. மூலையில் நிற்கும் நாகூர் தர்காவே அதே வங்கக் கடலைத் தாண்டி வந்த நம்பிக்கைதான். ஆனாலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வரலாற்றைச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு, மலாயா அணிக்குத் தலைமை ஏற்ற ஒரு தமிழரின் பெயர் தெரியவில்லை. அவரை இலங்கைக்காரர்கள் மட்டும் கொண்டாடினால் போதாது. அவர் நமக்கும் சொந்தம்.

ஒரு டெஸ்ட் போட்டிகூட ஆடாமல் 1977 ஜூலையில் அவர் காலமானார். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி 1981-இல்தான் கிடைத்தது. அதன் முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரியில், அவர் பிராட்மேனை எதிர்கொண்ட அதே ஓவலில், தமிழ் யூனியனின் மைதானத்தில் நடந்தது.