வேகத்தை நம்பிப் பிறந்த விமானம்

பத்திரிகை முதலாளிகளுக்கு வரும் ஆசைகள் பெரும்பாலும் மறுநாள் காலைப் பதிப்போடு தீர்ந்துவிடும். லண்டன் 'டெய்லி மெயில்' அதிபர் ரோதர்மியர் பிரபுவுக்கு 1934-இல் வந்த ஆசை அப்படித் தீரவில்லை. ஐரோப்பாவிலேயே வேகமான பயணிகள் விமானம் தனக்குச் சொந்தமாக வேண்டும் என்றார். ஆறு பேர் உட்காரவேண்டும், ஓட்ட இரண்டு பேர், மணிக்கு 240 மைல் வேகம். அமெரிக்காவில் வழவழப்பான, முழு உலோக, இரட்டை எஞ்சின் விமானங்கள் பறக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. பிரிட்டனிலோ சண்டை விமானங்களே இரண்டடுக்குச் சிறகும் அவற்றை இழுத்துக் கட்டிய கம்பியுமாக ஓடிக்கொண்டிருந்தன.

பிரிஸ்டல் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் ஃபிராங்க் பார்ன்வெல்லின் மேசையில் ஏறக்குறைய அப்படி ஒரு வரைபடம் ஏற்கெனவே கிடந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. 18,500 பவுன் ஆகும் என்றார்கள். ரோதர்மியர் சம்மதித்தார். கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் உள்ளூர ஓர் உதறல். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் அரசாங்கத்தின் விமானத்துறை அமைச்சகம். ஒரு தனியாளின் சவாரி வண்டி அரசாங்கத்தின் சண்டை விமானத்தை முந்திக்கொண்டு போனால், அந்த வாடிக்கையாளருக்குக் கோபம் வராதா?

1935 ஏப்ரல் 12 அன்று பிரிஸ்டலுக்கு வெளியே ஃபில்டன் திடலிலிருந்து அது கிளம்பியது. அந்த ஆண்டுச் சோதனைகளில் தொட்ட வேகம் மணிக்கு 307 மைல். அன்று விமானப்படையின் புதுச் சண்டை விமானமான கான்ட்லெட் முக்கி முனகினாலும் 230 மைல்தான் போகும். பயந்த மாதிரியே நடந்தது, ஆனால் கோபம் வரவில்லை, ஆர்டர் வந்தது. ரோதர்மியர் அதற்கு 'பிரிட்டன் ஃபர்ஸ்ட்' என்று பெயர் சூட்டி நாட்டுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இதே மனிதர்தான் 1934 ஜனவரியில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் கறுப்புச்சட்டைப் படையைத் தன் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியவர். ஹிட்லர்மீதும் அவருக்கு அபிமானம் உண்டு. அவர் கொடுத்த விமானத்தின் பிள்ளைகள்தான் பின்னால் ஜெர்மனிமீது பிரிட்டனின் முதல் குண்டைப் போட்டன.

அமைச்சகம் மாதிரி விமானம்கூடக் கேட்காமல், வரைபடத்தைப் பார்த்தே 150 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் பிரித்து மழைக்கோட்டாக மாற்றும் வேலை பார்ன்வெல்லுக்கு. வயிற்றில் குண்டு வைக்க இடம் வேண்டும். அதனால் அடியில் இருந்த சிறகு உடலின் நடுப்பகுதிக்கு ஏறியது. பயணிகள் சாய்ந்து உட்காரவேண்டிய இடத்தில் ஆயிரம் பவுண்டு குண்டு. முதுகில் கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு துப்பாக்கி. இடது சிறகில் முன்னோக்கி இன்னொன்று. அவ்வளவுதான் ஆயுதம். இவ்வளவு வேகமாகப் போகும் விமானத்தை யார் துரத்திப் பிடிக்கப்போகிறார்கள் என்பதே கணக்கு. ஆட்கள் மூன்று பேர்: விமானி, வழிகாட்டி, வயர்லெஸும் துப்பாக்கியும் பார்க்கிற ஒருவர்.

பெயர் பிளெனிம். 1704-இல் மார்ல்பரோ கோமகன் வென்ற போர்க்களத்தின் பெயர் அது. அந்தப் போர்க்களமும் ஜெர்மனியில், டான்யூப் கரையில் உள்ள ஒரு கிராமம்தான்.

உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அவசரம் தெரியும். புரொப்பெல்லர் கோணத்தை மாற்றும் பிடி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. கையைப் பின்னால் விட்டுத் தடவித்தான் பிடிக்கவேண்டும். ஓடுபாதையில் முழு வேகத்தில் கிளம்பும் நேரத்தில் ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். வழிகாட்டிக்கு இடம் போதவில்லை என்று அடுத்த வகையில் மூக்கை நீட்டினார்கள். நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தது. உடனே மூக்கின் இடது மேற்பகுதியை மட்டும் பள்ளமாக வெட்டிவிட்டார்கள். பிளெனிம் நான்காம் வகையின் அந்தக் கோணல் முகத்தைப் படத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடை ஏறியது. 307-இல் தொடங்கிய வேகம் 266-இல் வந்து நின்றது.

'பிரிட்டன் ஃபர்ஸ்ட்' பறந்து ஏழு வாரம்கூட ஆகாத 1935 மே மாதக் கடைசியில், பவேரியாவில் இன்னொரு விமானம் முதன்முதலாகக் கிளம்பியது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம். ஜெர்மன் எஞ்சின் தயாராகாததால் அந்த முதல் விமானத்தில் பூட்டியிருந்தது பிரிட்டனில் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின்! 1940-க்குள் அதன் வேகம் 350 மைலைத் தொட்டுவிட்டது. பிளெனிமின் ஜாதகத்தில் எமன் பக்கத்து வீட்டிலேயே, ஏறக்குறைய அதே நட்சத்திரத்தில் பிறந்துவிட்டான்.

போர் மூண்டபோது விமானப்படையிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளெனிம்கள் இருந்தன. வேறு எந்த விமானமும் அவ்வளவு இல்லை. அதனால் எந்த வேலையானாலும் முதலில் கூப்பிடப்பட்டது பிளெனிம்தான். போர் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களைத் தாக்கப் பத்து பிளெனிம்கள் போயின. தாழ்ந்த மேகத்துக்கு அடியில், கப்பல் கொடிமர உயரத்தில். 'அட்மிரல் ஷேர்' கப்பலில் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அதில் நான்கு 107-ஆம் ஸ்குவாட்ரனுடையவை. அது அனுப்பியதே ஐந்துதான்.

அடுத்த ஆண்டு 82-ஆம் ஸ்குவாட்ரனுக்கு நடந்ததை வாசிக்கும்போது எனக்கு எண்கள்மீதே சந்தேகம் வந்தது. 1940 மே 17 காலை, பெல்ஜியத்தின் ஜெம்ப்ளூ அருகே ஜெர்மன் படைகளைத் தாக்கப் பன்னிரண்டு விமானங்கள் கிளம்பின. தரையிலிருந்து வந்த குண்டுகள் அணியைக் கலைத்தன. கலைந்தவற்றை மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் ஒவ்வொன்றாக விழுத்தாட்டின. சல்லடையாகத் துளைபட்டுத் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஸ்குவாட்ரனைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தளபதி பேண்டன் பிரபு மறுத்து, புது ஆட்களையும் புது விமானங்களையும் சேர்த்து மறுபடி கட்டினார். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, டென்மார்க்கின் ஆல்போர்க் விமானத் தளத்துக்கு மறுபடியும் பன்னிரண்டு. ஒன்று எரிபொருள் குறைகிறதென்று பாதிவழியில் திரும்பியது. போய்ச் சேர்ந்த பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 33 பேரில் 20 பேர் இறந்தார்கள், 13 பேர் கைதானார்கள். இறந்தவர்களின் கல்லறைகள் ஆல்போர்க் பக்கத்தில் வாடும் என்ற ஊரின் தேவாலயத் தோட்டத்தில் இருக்கின்றன.

ஒரே ஸ்குவாட்ரன், ஒரே எண்ணிக்கை, ஒரே முடிவு. விமானிகளின் தைரியத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். துரத்திப் பிடிக்க யாருமில்லை என்ற 1935-ஆம் வருடக் கணக்கை 1940-இலும் திருத்தாமல் அவர்களைப் பகல் வெளிச்சத்தில் துணை விமானம் இல்லாமல் அனுப்பியவர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை. கைவசம் வேறு விமானம் இல்லை என்பது உண்மைதான். இல்லாததற்குக் காரணம், தொழிற்சாலைகள் பிளெனிமையே செய்துகொண்டிருந்ததும்கூட.

பார்ன்வெல் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1938 ஆகஸ்டில், தானே கட்டிய ஒரு சின்ன விமானத்தை ஓட்டிப் பார்த்தபோது விழுந்து இறந்துபோனார். அவருக்கு மூன்று மகன்கள். மூவரும் விமானப்படையில் சேர்ந்தார்கள். மூவருமே 1940, 1941-இல் போரில் மாண்டார்கள். ஒருவர் ஜான். 1940 ஜூன் இரவொன்றில் அவர் கடைசியாக ஓட்டிச் சென்றது இரவுச் சண்டைக்கென்று மாற்றியமைத்த பிளெனிம், அப்பா வரைந்த விமானம்.

கிழக்கே இந்தக் கதை நம் கடலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 9. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கைக்குக் கிழக்கே நின்றார். காலையில் திருகோணமலைமீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கியிருந்தார்கள். நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறு அன்று, அங்கிருந்த 11-ஆம் ஸ்குவாட்ரன் பிளெனிம்கள் கப்பல்களைத் தேடிக் காணாமல் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. இந்த முறை பதினொன்று கிளம்பி, இரண்டு கோளாறால் திரும்ப, ஒன்பது கடலுக்கு மேல் போய்க் கப்பல்களைக் கண்டுபிடித்தன.

ஜப்பானியரிடம் ரேடார் இல்லை. பதினோராயிரம் அடி உயரத்தில் வந்தவற்றை எந்தக் காவலாளும் பார்க்கவில்லை. நகுமோவின் தலைமைக் கப்பல் 'அகாகி'யின் ஓரத்தில் தண்ணீர்த் தூண்கள் எழும்பிய பிறகுதான் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. அப்புறம் ஜப்பானின் ஜீரோ சண்டை விமானங்கள் ஏறி வந்தன. கப்பல்களுக்கு மேலேயே நான்கு பிளெனிம்கள் விழுந்தன. மிச்சம் ஐந்தும் திரும்பும் வழியில், மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்'ஸை மூழ்கடித்துவிட்டு வந்த ஜப்பானிய விமானங்களிடம் மாட்டின. அதில் ஒன்று போயிற்று. பந்தயத் திடலில் இறங்கியவை நான்கு. அகாகியை இரண்டு மாதம் கழித்து மிட்வே கடற்போரில் அமெரிக்க விமானங்கள் முடித்துவைத்தன. அங்கும் அவை மேலிருந்து, யாரும் நிமிர்ந்து பாராத ஒரு நேரத்தில்தான் வந்தன.

நாலாயிரத்துக்கும் மேல் கட்டிய பிளெனிம்களில் இன்று பறக்கக்கூடியதாக இருப்பது ஒன்றுதான். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் பழைய துண்டுகளைச் சேர்த்து ஒட்டவைத்தது. 1987-இலும் 2003-இலும் விபத்துக்குள்ளாகி, மூன்றாம் முறையாக 2014 நவம்பரில் எழும்பியது. இம்முறை அதற்கு வைத்திருப்பது முதல் வகையின் குட்டை மூக்கு. 1940-இல் இரவுச் சண்டைக்குப் பறந்த விமானம் ஒன்றின் மூக்கு அது. போர் முடிந்ததும் பிரிஸ்டல் கம்பெனி ஊழியர் ஒருவர் அதை வாங்கிப்போய், ஆஸ்டின் செவன் காரின் சட்டத்தில் ஏற்றி, மின்சார மோட்டார் பூட்டி, நம்பர் பிளேட்டும் வாங்கிச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் போல அது காராகவே ஓடியது.