டிராக் பந்தய எஞ்சினில் எண்ணெய் ஏற்றுதல்: ஒரு வரலாறு

டிராக் பந்தயம் என்பது, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் குறிப்பிட்ட தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் மோட்டார்ப் போட்டியாகும். இதன் மரபான தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். இப்போட்டிக்காகப் புதிதாகக் கட்டிய எஞ்சினை முதன்முதலில் இயக்குவதற்கு முன்பே அதன் எண்ணெய்ப் பாதைகள் முழுவதையும் நிரப்பி, அழுத்தம் வருவதை உறுதிசெய்து கொள்ளும் வேலையே எண்ணெய் ஏற்றுதல் எனப்படும். பட்டறைகளில் இதைப் பிரைமிங் என்பார்கள்.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இது புதிய கருத்தன்று. கிணற்று மேட்டில் வைத்த பம்பு செட்டில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. மேலே தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபுட் வால்வு ஒழுகினால் சாணத்தைக் கரைத்து ஊற்றி அடைப்பதும் ஊர்களில் கண்ட வழக்கமே. எஞ்சினிலும் நடப்பது இதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. கிணற்றில் தண்ணீர் ஏறாவிட்டால் வயல் ஒரு நாள் காயும். பந்தய எஞ்சினில் எண்ணெய் ஏறாவிட்டால் பல மாத உழைப்பும் பணமும் சில நொடிகளில் பாழாகும்.

டவர் கண்ட உண்மை

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள 1883ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் இயந்திரவியல் பொறியாளர் நிறுவனத்துக்காக போஷம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்து வந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக மேல்நோக்கிப் பொங்கி வந்தது. மரத்தக்கையால் துளையை அடைத்தார். தக்கையும் தள்ளப்பட்டு வெளியே வந்தது. பிறகு அங்கே அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். பேரிங்கின் மீதிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு. ஆனால் 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த மானியின் முள் எல்லையையும் தாண்டியது.

சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்து அழுத்துகிறது என்பதும், அந்தப் படலமே அச்சைத் தூக்கி மிதக்க விடுகிறது என்பதும் இதனால் தெரிந்தன. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை வகுத்தார்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் முக்கியமானது. கிராங்க் ஷாஃப்ட் எனும் வணரித்தண்டைத் தாங்குவது ஆயில் பம்பு அன்று. அது சுழற்சியால் உண்டாகும் எண்ணெய்ப் படலம். பம்பின் கடமை அந்தப் படலத்துக்கு இடைவிடாமல் எண்ணெய் கொடுப்பது மட்டுமே. எண்ணெயே இல்லாமல் தண்டு சுழலத் தொடங்கினால் படலம் உருவாக வழியில்லை. உலோகம் உலோகத்தோடு உரசும். மென்மையான பேரிங் உலோகம் சில நொடிகளில் உருகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

தெளிப்பிலிருந்து அழுத்தத்துக்கு

தொடக்க காலக் கார்களில் எண்ணெய்ப் பம்பு கட்டாயமாக இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை உருவான ஃபோர்டு மாடல் டி காரில் சுழலும் ஃப்ளைவீல் வாரி இறைத்த எண்ணெயே எல்லாப் பாகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மெதுவாகச் சுழன்ற எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடியபோது தெளிப்பு முறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஷெவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின்களில்கூட 1950களின் தொடக்கம் வரை கனெக்டிங் ராடுகளுக்குத் தெளிப்பு முறையே பயன்பட்டது. முழு அழுத்த முறை அவற்றில் 1953, 1954 ஆண்டுகளில்தான் வந்தது. 1955இல் வெளிவந்த ஷெவர்லே வி8 எஞ்சின் முதலிலிருந்தே முழு அழுத்த முறை கொண்டது. பின்னர் டிராக் பந்தயங்களில் மிகப் பரவலாகப் புழங்கியதும் இதுவே.

இந்த எஞ்சினின் அமைப்பே பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. இதில் ஆயில் பம்பை டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தண்டை இறக்கி மின் துளைப்பானால் சுற்றினால், எஞ்சின் அசையாமலேயே பம்பு ஓடும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் எண்ணெய்ப் பாதை ஒன்றின் சுவராகவும் அமைகிறது. வெறும் தண்டை இறக்கினால் அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து, ஒரு பக்க வால்வுகளுக்குப் போய்ச் சேராது. ஆகவே பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பற்களை நீக்கி அதையே கருவியாக்கிக் கொண்டார்கள். ஷெவர்லேக்குத் துளைப்பான் வலஞ்சுழியாகவும் ஃபோர்டின் சிறிய வி8 எஞ்சினுக்கு இடஞ்சுழியாகவும் சுற்ற வேண்டும். திசை மாறினால் பம்பு எண்ணெயை உறிஞ்சாது.

1997இல் அறிமுகமான ஷெவர்லேயின் எல்எஸ் வகை எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. பம்பு வணரித்தண்டின் முன்முனையில் அமர்ந்து, தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. தண்டைச் சுழற்றாமல் பம்பைச் சுழற்ற முடியாது. எனவே தனியான அழுத்தக் கலத்தில் எண்ணெயை நிரப்பி, எஞ்சினின் எண்ணெய்ப் பாதையில் உள்ள ஒரு துளை வழியாக உள்ளே செலுத்தும் முறை பரவியது.

விமானத் தளங்களில் பிறந்த விளையாட்டு

போர் முடிந்தபின் வெறிச்சோடிக் கிடந்த ஓடுபாதைகள் மோட்டார்ப் பந்தயத்துக்குக் களமாயின. கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத் தளத்தில் 1950இல் முறையான டிராக் பந்தயங்கள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்ஸ் அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் நடந்த ஆபத்தான போட்டிகளைக் களத்துக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டிலும் கதை ஓடுபாதையிலேயே தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் இருந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. கோண்டல் மகாராஜா முதலானோர் அங்கு ஓட்டினர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரை அங்கு ஓட்டினார். கோவையைச் சேர்ந்த கரிவரதன் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்தார். சோழவரத்தில் நடந்தவை பெரும்பாலும் சுற்றுப் பந்தயங்களே. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கே தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகளும் நடந்தன. பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா இத்துறையில் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர்.

புல்லட்டும் ஆர்எக்ஸும்

இந்தியாவில் டிராக் பந்தயம் கார்களைவிட மோட்டார் சைக்கிள்களால் வளர்ந்தது. எண்ணெய் ஏற்றும் சிக்கலும் இங்கே வேறு உருவம் கொண்டது.

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி நடந்தது. பழைய வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சினில் எண்ணெய், கிராங்க் கேஸிலேயே தனி அறையாக வார்க்கப்பட்ட தொட்டியில் இருக்கும். வணரித்தண்டின் முனையிலுள்ள புழுப்பல் இரண்டு சிறு பிளஞ்சர் பம்புகளை இயக்கும். ஒன்று எண்ணெய் கொடுக்கும். மற்றொன்று வடிந்த எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங்குக்குப் பதிலாக மிதக்கும் புஷ் இருந்ததால், அதற்கு எண்ணெய் அழுத்தம் இன்றியமையாதது.

வடிகட்டியை மாற்றியபின் அதன் அறை நிரம்பிய பிறகே பெரிய முனைக்கு எண்ணெய் போய்ச் சேரும். அதனால் உடனே முறுக்காமல் மெதுவான ஓட்டத்தில் விட வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கட்டளை. ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி எண்ணெய் எட்டுகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். தண்டின் முனையில் எண்ணெய் நுழையும் இடத்தைக் காக்கும் கார்க் சீல் தேய்ந்திருந்தால், பம்பு நன்றாக இருந்தும் எண்ணெய் வழியிலேயே சிந்திவிடும். பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை.

1980களில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 ஆகியவை டூ ஸ்ட்ரோக் வகை. இவற்றில் வணரித்தண்டுக்கு அழுத்த எண்ணெய் கிடையாது. ஆட்டோலூப் எனும் சிறு பம்பு பெட்ரோல் கலவையோடு எண்ணெயைச் செலுத்தும். ஆயினும் எண்ணெய்த் தொட்டி ஒருமுறை வற்றினால் குழாயில் காற்றுப் புகும். பம்பிலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழிகள் தீரும்வரை எண்ணெயை விட வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பந்தயக்காரர்கள் பலர் பம்பையே நீக்கிவிட்டு, பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலந்து ஊற்றினர்.

இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் பம்பை வெளியிலிருந்து சுற்ற இயலாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, செல்ஃப் ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுற்றுவார்கள். பிளக் இல்லாததால் அழுக்கச் சுமை இல்லை. பேரிங்குகள் மீது பளுவும் குறைவு. அழுத்த விளக்கு அணைந்த பிறகே பிளக்குகள் திரும்ப ஏறும்.

முள் அசையாதபோது

பம்பு உண்டாக்குவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்தைக் குறுகிய இடைவெளிகள் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. ஆகவே அழுத்தம் வரவில்லை என்றால், எண்ணெய் வரவில்லை அல்லது வந்த எண்ணெய் எங்கோ தடையின்றித் தப்பிவிடுகிறது என்று பொருள். மூன்றாவதாக, மானி பொய் சொல்லலாம். தேர்ந்தவர்கள் எளிதானதிலிருந்து தொடங்கி இவ்வரிசையில் தேடுவார்கள்.

1. மானி: வேறொரு அழுத்தமானியை நேரடியாக எஞ்சினில் பொருத்திப் பார்த்தல்.
2. உலர்ந்த பம்பு: பற்களுக்கிடையே எண்ணெய் இல்லாவிட்டால் பம்பு காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெயையோ வாசலினையோ அடைத்துப் பூட்டினால் உறிஞ்சத் தொடங்கும். கெட்டியான கிரீஸ் பாதைகளை அடைக்கக்கூடும்.
3. உறிஞ்சு குழாய்: குழாயும் பம்பும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசலோ, நசுங்கிய ஓ-ரிங்கோ இருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்று ஏறும். குழாயின் வாய் சம்பின் அடித்தளத்தோடு ஒட்டியிருந்தாலும் எண்ணெய் வராது. சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி தேவை.
4. நிவாரண வால்வு: சிறு உலோகத் துகள் சிக்கி வால்வு திறந்தே நின்றால், பம்பு தந்த எண்ணெய் சம்புக்கே திரும்பிவிடும்.
5. விடுபட்ட அடைப்பான்: பிளாக்கைக் கழுவும்போது எண்ணெய்ப் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றுவார்கள். ஒன்றைத் திரும்பப் பூட்ட மறந்தாலும் அழுத்தம் எழாது.
6. பேரிங் இடைவெளி: தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 63.5 மில்லிமீட்டர் தண்டுக்கு இது 0.06 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்; ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. இது மிகுந்தால் எண்ணெய் பக்கவாட்டில் ஓடிவிடும்.

அழுத்தம் வந்த பின்னும் வேலை முடியவில்லை. துளைப்பான் ஓடும்போதே வணரித்தண்டைக் கையால் மெல்லத் திருப்பி, ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் ஊறுவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பந்தயக்காரர்களின் பொது விதி. அதன்படி 7000 சுற்றில் 70 பிஎஸ்ஐ வேண்டும்.

பாதையில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. வாகனம் பாயும்போது சம்பிலுள்ள எண்ணெய் முழுவதும் பின்பக்கம் சாய்கிறது. இறுதிக் கோட்டுக்குப் பிறகு பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஓடுகிறது. உறிஞ்சு குழாய் காற்றை விழுங்கினால், பட்டறையில் ஏற்றிய அழுத்தம் களத்தில் போய்விடும். சம்பில் தடுப்புத் தகடுகளும், எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்பு முறையும் இதற்காகவே வந்தன. நைட்ரோமீத்தேன் எரிக்கும் உயர்நிலை வகுப்பில், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் எஞ்சினைப் பிரித்துக் கட்டிப் புது எண்ணெய் நிரப்புகிறார்கள். எரியாத எரிபொருள் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடுவதே காரணம்.

நெய்வேலியில் அதே விதி

வடலூரை அடுத்த நெய்வேலியில் பந்தயப் பாதை இல்லை. ஆனால் இதே விதி பல்லாண்டுகளாக அங்கே நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, சோவியத் ஒன்றியத்தின் துணையோடு எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது.

இத்தகைய நிலையங்களின் நீராவி விசையாழி நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வது. அதன் முதன்மை எண்ணெய்ப் பம்பு தண்டோடு இணைந்தது. தண்டு வேகம் பெறாமல் பம்பு பயன்தராது. அதனால் முதலில் தனி மோட்டாரில் ஓடும் துணைப் பம்பு பேரிங்குகளுக்கு எண்ணெய் கொடுக்கும். பிறகுதான் பல டன் எடையுள்ள தண்டு மெல்லச் சுழற்றப்படும். நிலையத்துக்கே மின்சாரம் நின்றாலும் எண்ணெய் நிற்காதிருக்க, மின்கலத்தில் ஓடும் அவசரப் பம்பும் உண்டு. எண்ணெய் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் விசையாழி தானாகவே நிறுத்தப்படும்.

மின் நிலையத்தில் இந்த ஒழுங்கைக் காக்கத் தானியங்கிக் கருவிகளும் பணியாளர்களும் இருக்கிறார்கள். சொந்தச் சேமிப்பில் எஞ்சின் கட்டும் இளைஞனுக்கு இருப்பது ஓர் அழுத்தமானியும் பொறுமையும்தான். சாவியைத் திருப்பி ஓசையைக் கேட்கும் ஆவல் அவனை உந்தும். முள் எழும்வரை அந்த ஆவலை அடக்கிக் கொள்பவனின் எஞ்சினே பந்தயக் கோடு வரை போய்ச் சேரும். எண்ணெய் முதலில், சுழற்சி பிறகு என்ற வரிசை, 50 மெகாவாட் விசையாழிக்கும் 350 சிசி புல்லட்டுக்கும் ஒன்றே.